டிஸ்கவரி: வெட்டி ஒட்டிய பாட்டுகளும் விட்டுப்போன ஒரு பெயரும்

டிஸ்கி: நான் இசை விமர்சகன் கிடையாது. ராகம், ஸ்வரம்னு ஆரம்பிச்சா பேந்தப் பேந்த முழிப்பேன். பகல்ல கோட் எழுதறது, ராத்திரி பாட்டு கேட்கறது, இவ்வளவுதான் நம்ம தகுதி. ஓகே-ன்னா மேல படிங்க.

முதல்ல என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். டாஃப்ட் பங்க் 2001-ல் வெளியிட்ட 'டிஸ்கவரி' ஆல்பம் கால் நூற்றாண்டு தாண்டியும் கேட்கப்படுதுன்னா, அதுக்குக் காரணம் பழைய ஞாபகம் இல்லை. அது வந்தபோது எனக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் போடற வயசுகூட ஆகலை. எனக்கு ஏது பழைய ஞாபகம்? காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் ஸ்பீக்கர்ல அலறவிட்டுத்தான் முதல்ல கேட்டேன். அப்பவே அதுக்கு வயசு பதினைஞ்சுக்கு மேல. அந்தப் பாட்டுக்கு ஆட அந்த ஹாஸ்டல்ல யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கலை. ஆக, காரணம் வேற எங்கயோ இருக்கு. அதைத் தேடறதுதான் இந்தப் பதிவு. கூடவே, இந்த ஆல்பத்தை உயிரா நேசிக்கிறவங்க பேச விரும்பாத ஒரு விஷயத்தையும் பேசப் போறேன்.

தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். தாமஸ் பாங்கல்ட்டர், கீ-மானுவேல் தே ஹோமெம்-கிறிஸ்டோ. ரெண்டு பேரும் பாரிஸ் பசங்க, 1987-ல் பள்ளிக்கூடத்தில் நண்பர்களானவங்க. முதல்ல கிட்டார் வெச்சு ஒரு ராக் பேண்ட் ஆரம்பிச்சாங்க. ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை அதைக் கிழிச்சுத் தோரணம் கட்டுச்சு. அந்த விமர்சனத்தில் இருந்த வசைச் சொல்லையே தங்களுக்குப் பேரா வெச்சுக்கிட்டாங்க. இந்த ரோஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். :-) 1997-ல் முதல் ஆல்பம் 'ஹோம்வொர்க்'. வீட்டு அறையில் உட்கார்ந்து செஞ்சதால அந்தப் பேரு. அடுத்தது 'டிஸ்கவரி'. பதினாலு பாட்டு, ஒரு மணி நேரம்.

நடுவுல இவங்க ஒரு கதை விட்டாங்க பாருங்க. 1999 செப்டம்பர் 9-ஆம் தேதி காலை 9 மணி 9 நிமிஷத்துக்கு ஸ்டூடியோவில் சாம்ப்ளர் வெடிச்சுதாம், கண் முழிச்சுப் பார்த்தா ரெண்டு பேரும் ரோபோ ஆகிட்டாங்களாம்! நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு அந்தத் தேதியோட விசேஷம் தெரிஞ்சிருக்கும். பழைய புரோகிராம்கள் சிலதில் 9999-ன்னு வந்தா 'டேட்டா முடிஞ்சது'ன்னு அர்த்தம். அதனால 9/9/99 அன்னைக்கு சிஸ்டமெல்லாம் படுத்துடும்னு ஒய்டூகே-வுக்கு முன்னாடி ஒரு குட்டிப் பயம் ஓடுச்சு. பெரிசா ஒண்ணும் ஆகலை, ரோபோ ஆன இந்த ரெண்டு பேரைத் தவிர. அன்னைலேர்ந்து ஹெல்மெட்தான், மேடையில் முகமே காட்டலை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

'ஒன் மோர் டைம்' பாட்டோட ஆரம்பத்தைக் கவனிச்சுக் கேளுங்க. ஹார்ன் முழக்கம் ஒண்ணு மங்கலா, அமுக்கி வெச்ச மாதிரி வரும். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி நடக்கும்போது நம்ம வீட்டுக்குள்ள வெறும் 'டும் டும்' மட்டும் கேட்குமே, அது மாதிரி. மேல் அலைவரிசைகளை ஃபில்டர் போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஃபில்டரைத் திறப்பாங்க. யாரோ கையைப் பிடிச்சு மண்டபத்துக்குள்ள இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். உள்ள போனா இன்னொரு வேலை நடக்கும். கிக் டிரம் விழற ஒவ்வொரு தடவையும் மத்த சத்தமெல்லாம் ஒரு நொடி பம்மும், உடனே எழும்பும். பாட்டே மூச்சு விடற மாதிரி இருக்கும். நம்ம உடம்பு அந்த மூச்சோட சேர்ந்துக்கும். அதுக்கு மேல நாம முடிவெடுக்க ஒண்ணும் இல்லை, கால் தானா ஆடும்.

இதுவரைக்கும் திறமையான எந்த ஹவுஸ் இசைக்காரனும் செய்யக்கூடியதுதான். இவங்க தைரியம் நடுவுல இருக்கு. ஆடறதுக்குன்னே போட்ட பாட்டில், நல்லா சூடு பிடிச்ச நேரத்தில், டிரம்ஸை மொத்தமா தூக்கிடுவாங்க. ஒரு நிமிஷத்துக்கும் மேல தாளமே கிடையாது. ரோமாந்தனியோட குரல் மட்டும் ஆட்டோ-ட்யூன்ல நனைஞ்சு மிதந்துட்டு இருக்கும். டான்ஸ் ஃப்ளோர்ல நிக்கிற ஆயிரம் பேரும் அந்தரத்தில் தொங்கணும். தாளம் திரும்ப வரும்போது என்ன நடக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை.

ஆட்டோ-ட்யூன்னு சொன்னேன் இல்லையா, அதைக் கண்டுபிடிச்ச ஆண்டி ஹில்டெப்ராண்ட் ஒரு இன்ஜினியர். எண்ணெய் எங்க இருக்குன்னு பூமிக்குள்ள அதிர்வை அனுப்பித் தேடற துறையில் வேலை பார்த்தவர். அங்க பயன்பட்ட கணக்கை வெச்சே மனுஷன் சுருதி விலகறதைப் பிடிச்சுத் திருத்தலாம்னு 1997-ல் அந்த மென்பொருளைக் கொண்டுவந்தார். யாருக்கும் தெரியாம திருத்தறதுதான் நோக்கம். டாஃப்ட் பங்க் அதை எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டாங்க. 'குரலைக் கெடுத்துட்டாங்க'ன்னு அப்போ நிறைய பேர் திட்டினாங்க. எனக்குத் தோணறது வேற. 'சம்திங் அபவுட் அஸ்' கேட்டுப் பாருங்க. காதலைச் சொல்ல முடியாம தடுமாறற ஒருத்தன், மெஷின் குரலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுச் சொல்லிடறான். நேர்ல சொல்ல வராததை எஸ்எம்எஸ்-ல சொன்ன தலைமுறைக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. அந்தக் கூச்சம் குரலில் அப்படியே இருக்கு, மெஷின் அதை அழிக்கலை.

ஆல்பம் முழுக்க இப்படி ஒரு கூச்சமும் கூச்சமின்மையும் சேர்ந்தே வரும். 'ஏரோடைனமிக்'கில் கோயில் மணி மாதிரி மணி அடிக்கும், ஃபங்க் ஓடும், திடீர்னு ஹெவி மெட்டல் கிட்டார் சோலோ பாயும். அந்தக் காலத்து டான்ஸ் மியூசிக் பெரியவங்க கிட்ட இதெல்லாம் 'சீப்'பான சமாசாரம். 'ஷார்ட் சர்க்யூட்' கடைசியில் பேட்டரி தீர்ந்த பொம்மை மாதிரி கரகரத்து அடங்கும். 'வெரிடிஸ் குவோ'ன்னு லத்தீன் மாதிரி ஒரு பேரு. வேகமா சொல்லிப் பாருங்க, 'வெரி டிஸ்கோ'. முன்னே பின்னே மாத்திப் போடுங்க, 'டிஸ்கோ-வெரி'. கடைசிப் பாட்டு பத்து நிமிஷம், பேரு 'டூ லாங்'. லொள்ளு ஜாஸ்தி.

இப்ப முக்கியமான பாயின்ட். இந்த ஆல்பத்தில் எடுத்தாண்ட பழைய பாட்டுகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்துங்க. 'டிஜிட்டல் லவ்'வுக்கு ஜார்ஜ் டியூக்கோட ஒரு பாட்டு, 1979. 'ஹார்டர் பெட்டர் ஃபாஸ்டர் ஸ்ட்ராங்கர்'க்கு எட்வின் பேர்ட்சாங்கோட 'கோலா பாட்டில் பேபி', 1979. 'சூப்பர்ஹீரோஸ்'க்கு பேரி மனிலோ, 1979. 'ஒன் மோர் டைம்'க்கு எடி ஜான்ஸ்னு ஒருத்தரோட 'மோர் ஸ்பெல் ஆன் யூ', அதுவும் 1979.

1979-ல் என்ன விசேஷம்? அந்த வருஷம் ஜூலை 12 அன்னைக்கு சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் ரேடியோக்காரர் ஒருத்தர் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவிச்சு வெடி வெச்சுத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள்ள பாய்ஞ்சு ரகளை ஆகி, அன்னைக்கு ரெண்டாவது மேட்சே நடக்கலை. டிஸ்கோ கேட்கறது கேவலம்னு ஆன வருஷம் அது. அந்தக் கறுப்பினக் கலைஞர்களோட இசை மேல இருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்ததுன்னு பின்னாடி பல பேர் எழுதியிருக்காங்க. வெடிச்சது போக மிச்சம் இருந்ததை எடுத்துத்தான் அதே சிகாகோவில் 80-களில் ஹவுஸ் இசையே பிறந்தது.

பாரிஸ்ல அப்போ இந்த ரெண்டு பேருக்கும் நாலு, அஞ்சு வயசு. எது கேவலம், எது உசத்தின்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. காதுக்குப் பிடிச்சா பிடிச்சதுதான். அந்த வயசுக் காதை வெச்சே இந்த ஆல்பத்தைச் செய்யப் பார்த்தோம்னு பாங்கல்ட்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கார். என்னைக் கேட்டா, டிஸ்கவரியோட ஆயுள் ரகசியம் இதுதான். உலகம் வெட்கப்பட்டுக் குப்பையில் போட்டதை இவங்க வெட்கமில்லாம எடுத்து, செஞ்சவங்களே கேட்காத அளவுக்குக் கூர்ந்து கேட்டிருக்காங்க. ஃபேஷனை நம்பிச் செஞ்சிருந்தா 2003-லேயே காலாவதி ஆகியிருக்கும். ஏற்கெனவே ஃபேஷன் கைகழுவின சரக்கை வெச்சுச் செஞ்சதுக்கு எக்ஸ்பைரி தேதி எங்கேர்ந்து வரும்? பிட்ச்ஃபோர்க் விமர்சகர் 2001-ல் பத்துக்கு 6.4 போட்டார். 2021-ல் அதே பிட்ச்ஃபோர்க் பழைய மார்க்கைத் திருத்திப் பத்துக்குப் பத்து போட்டுச்சு. ரீவேல்யுவேஷன்ல இவ்வளவு மார்க் ஏறினது நம்ம யுனிவர்சிட்டியில்கூட நடந்ததில்லை. :-)

'அட, சுட்ட வடைக்கு இவ்வளவு பில்டப்பா?'ன்னு ஒரு குரல் கேட்குது. நியாயமான கேள்வி. சும்மா மழுப்ப மாட்டேன். 'கோலா பாட்டில் பேபி'யைப் போட்டுக் கேட்டீங்கன்னா, ஆரம்பத்தில் வர்ற அந்த மெட்டு பெரிய மாற்றம் இல்லாம அப்படியே இருக்கு. ஜார்ஜ் டியூக் பாட்டும் அப்படித்தான். ஆனா டியூக் அந்த மெட்டை வாசல் திண்ணை மாதிரி வெச்சுக்கிட்டார். நாலு அடி வெச்சதும் அதை விட்டுட்டு வேற வீட்டுக்குள்ள போயிடுவார். இவங்க அந்தத் திண்ணையிலேயே பாய் விரிச்சு உட்கார்ந்து, முழுக் கனவையும் அங்கேயே கண்டிருக்காங்க. எதை வெச்சுக்கறது, எதை விடறது, எத்தனை தடவை சுத்த விடறது, எந்த நொடியில் நிறுத்தறது... இந்த முடிவுகள்தான் வேலை. கோட் எழுதறவனுக்கு இது தெரியும். லைப்ரரி எல்லாருக்கும் பொதுவாத்தான் கிடக்கு. அதை வெச்சு எல்லாராலும் நல்ல புரோகிராம் எழுத முடியுதா என்ன?

அதிலும் எடி ஜான்ஸ் பாட்டை இவங்க கையாண்ட விதம் தனி. ஆரம்ப ஹார்ன் முழக்கத்தைத் துண்டு துண்டா நறுக்கி, வரிசையை மாத்தி அடுக்கி, ஃபில்டருக்குள்ள விட்டிருக்காங்க. மூலத்தைப் பக்கத்தில் வெச்சுக் கேட்டாதான் 'அடப்பாவிகளா!'ன்னு இருக்கும். இது கைவேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா ஒரு சமாசாரம் உறுத்துது.

ஆல்பம் உறையில் டியூக், பேர்ட்சாங், மனிலோ பேரெல்லாம் முறையா இருக்கு. 2007-ல் கான்யே வெஸ்ட் 'ஸ்ட்ராங்கர்' பாட்டுக்கு டாஃப்ட் பங்க்கை எடுத்தாண்டபோதுகூட எழுதினவங்க பட்டியலில் பேர்ட்சாங் பேரும் சேர்ந்தே போச்சு. 1979-ல் போட்ட ஒரு மெட்டு, ரெண்டு கை மாறியும் பேரைத் தொலைக்காம வந்து சேர்ந்தது. எடி ஜான்ஸ் பேரு மட்டும் அந்த உறையில் இல்லை. அந்த ஆல்பத்தோட மிகப் பெரிய ஹிட்டில் இருக்கிறவர் அவர்தான். கண்டுபிடிச்சதும் ஊர் உலகத்துக்குச் சொன்னதும் காது கூர்மையான ரசிகர்கள்.

2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை அவரைத் தேடிப் பிடிச்சு எழுதுச்சு. லைபீரியாவில் பிறந்தவர். எழுபதுகளில் பாரிஸ்ல பாடினவர். அப்புறம் அமெரிக்கா போய், பக்கவாதம் வந்து, பத்து வருஷத்துக்கும் மேல வீடில்லாம லாஸ் ஏஞ்சலஸ்ல வாழ்ந்திருக்கார். உலகமே ஆடின அந்தப் பாட்டிலிருந்து அவர் கைக்கு ஒரு காசு வரலை. டாஃப்ட் பங்க் தரப்பு, மூலப் பாட்டோட உரிமை வெச்சிருந்த நிறுவனத்துக்கு ஒழுங்கா ராயல்டி போயிட்டுத்தான் இருக்குன்னு சொல்லுச்சு. அந்த நிறுவனம், பாடகரோட தொடர்பு விட்டுப்போச்சுன்னு சொல்லுச்சு. சட்டப்படி யார் மேலயும் கை வைக்க முடியாத மாதிரி ஒரு ஏற்பாடு.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் ரெண்டு கட்சியா பிரிவாங்க. ஒரு கட்சி, 'காசு கொடுத்தாச்சு, இனி அது அவங்க உள்விவகாரம்'னு சொல்லும். காசு விஷயத்தில் அது சரியாவே இருக்கலாம். நான் கேட்கறது பேரை. ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் எம்ஐடி லைசென்ஸ்னு ஒண்ணு உண்டு. ரொம்பத் தாராளமான லைசென்ஸ். எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கூட காசு பாத்துக்கோ, எனக்கு ஒரு பைசா வேண்டாம். ஆனா என் பேரு இருக்கிற அந்த ரெண்டு பத்தியை மட்டும் எடுக்காதே. அவ்வளவுதான் நிபந்தனை. ஏன் அது? பேரு இருந்தா தேடி வர வழி இருக்கும். உறையில் 'எடி ஜான்ஸ்'னு ஒரு வரி இருந்திருந்தா, 2001-லேயே எவனாவது ஒரு ரசிகன், ஒரு பத்திரிகைக்காரன் அவரைத் தேடிப் போயிருப்பான். 'தொடர்பு விட்டுப்போச்சு'ன்னு சொல்றதுக்கு இடமே இருந்திருக்காது.

இதில் வயித்தெரிச்சல் என்னன்னா, இவங்களுக்கு இது தெரியாம இல்லை. டிஸ்கவரி பாட்டுகளையே வரிசையா வெச்சு 2003-ல் 'இன்டர்ஸ்டெல்லா 5555'ன்னு ஒரு அனிமே படம் வந்தது. ஜப்பானிய ஜாம்பவான் லெய்ஜி மாட்சுமோட்டோ மேற்பார்வையில், வசனமே இல்லாம. கதை என்ன? வேற கிரகத்துப் பாடகர்களை ஒரு பூலோக முதலாளி கடத்திட்டு வந்து, ஞாபகத்தை அழிச்சு, பேரையும் நிறத்தையும் மாத்தி, அவங்க இசையை வித்துக் காசு பாக்கறான். பேரைத் திருடறதுதான் பெரிய திருட்டுன்னு படமே எடுத்தவங்க!

இன்னொண்ணு கேளுங்க. பாங்கல்ட்டரோட அப்பா டேனியல் வாங்கார்ட், டிஸ்கோ காலத்துப் பிரபல தயாரிப்பாளர். ஒட்டவான் குழுவோட 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' அவர் கைவண்ணம்தான். அதே குழுவுக்கு அவர் போட்ட இன்னொரு மெட்டு 1982-ல் இந்திக்கு வந்து, 'டிஸ்கோ டான்ஸர்' படத்தில் 'ஜிம்மி ஜிம்மி' ஆச்சு. படத்தில் இசைன்னு பப்பி லஹிரி பேரு. அதை 2007-ல் நம்ம லண்டன் ஈழத் தமிழ்ப் பொண்ணு எம்.ஐ.ஏ. மறுபடி பாடினாங்க. மெட்டு கை மாறிப் பேரு தொலையற கதை தாமஸுக்கு வீட்டுக் கதை. அதுக்கு மேல, போர்க்காலத்தில் யூத இசையமைப்பாளர்களுக்குச் சேர வேண்டிய ராயல்டி என்ன ஆச்சுன்னு பிரெஞ்சு உரிமைச் சங்கத்தைக் கேள்வி கேட்டவர் அந்த அப்பா.

2013-ல் வந்த 'ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்தில் ஒன்பது நிமிஷப் பாட்டு ஒண்ணு இருக்கு. அதில் டிஸ்கோ முன்னோடி ஜார்ஜியோ மொரோடர் தன் கதையைத் தன் குரலிலேயே சொல்வார், தன் பேர் உட்பட. முன்னோர்களுக்கு எப்படி மரியாதை செய்யணும்னு இவங்களுக்கு நல்லாவே தெரியும்னு அந்தப் பாட்டு காட்டுது. மொரோடருக்கு ஒன்பது நிமிஷம் கிடைச்சது, ஜான்ஸுக்கு ஒரு வரி கிடைக்கலை. 2021 பிப்ரவரியில் கடையை மூடிட்டுக் கிளம்பும்போதும் அந்தக் கணக்கு பாக்கியாவே நின்னுது.

இதையெல்லாம் ஏன் இப்ப தோண்டறேன்னு கேட்கலாம். இன்னைக்கு ஒரு வரி டைப் பண்ணினா பாட்டு போட்டுத் தர்ற மென்பொருள் வந்தாச்சு, கோட் எழுதித் தர்றதும் வந்தாச்சு. எத்தனை பேர் பாட்டை, எத்தனை பேர் கோடைத் தின்னு வளர்ந்ததுன்னு கேட்டா பதில் கலங்கலாத்தான் வருது. அங்க ஒரு எடி ஜான்ஸ் இல்லை, லட்சக்கணக்கில் இருப்பாங்க. டாஃப்ட் பங்க்காவது ஒரு மனுஷன் வாசிச்ச சில நொடிகளைத் தேர்ந்தெடுத்துக் காதால உழைச்சாங்க. அது யாரோடதுன்னு தெரிஞ்சே எடுத்தாங்க. இனி வரப்போறதில் யாரோடதுன்னு எடுத்தவனுக்கே தெரியாது. ஒரே ஒரு பேரை உறையில் போடறதையே கட்டாயப்படுத்த முடியாத நாம, அந்த லட்சம் பேருக்கு என்ன செய்யப் போறோம்?

அதுக்காக டிஸ்கவரியைத் தூக்கிப் போடச் சொல்லலை. நானும் போடப் போறதில்லை. புரொடக்‌ஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது புட்டுக்கிட்டா, 'வாயேஜர்' பாட்டோட அந்த பாஸ் கிட்டார்தான் இப்பவும் நமக்குத் துணை. அது மகத்தான ஆல்பம், அதில் ஒரு பேரு குறையுது. ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு அழியணும்னு எந்தச் சட்டமும் இல்லை. குறையற பேரை அவங்க போடலைன்னா, கேட்கிற நாம போடலாம்.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை 'ஒன் மோர் டைம்' கேட்கத் தோணும்போது, முதல்ல 'மோர் ஸ்பெல் ஆன் யூ' தேடிப் போடுங்க. முழுசாக் கேளுங்க, மனுஷன் நல்லாவே பாடியிருக்கார். அப்புறம் இதைப் போடுங்க. அந்த மங்கலான ஹார்ன் சத்தம் மெல்லத் திறக்கும்போது யாரு வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

பி.கு: ஆல்பத்தை ஷஃபிள்ல போட்டுக் கேட்கிற புண்ணியவான்கள் தயவுசெய்து நிறுத்திக்குங்க. பதினாலும் வரிசையா, ஹெட்ஃபோன்ல. சொல்லிட்டேன்.